குகையைக் காக்கும் சட்டம் பிறந்த கதை

தெற்குப் பிரான்சின் சுண்ணாம்புப் பாறை மேட்டு நிலங்களில், நடக்கும் காலடியிலேயே வாய் பிளந்து கிடக்கும் ஆழ்குழிகள் உண்டு. ஊரார் அவற்றை அண்ட அஞ்சினார்கள். ஆனால், ஆடு மாடு செத்தால் கொண்டுபோய் அவற்றில்தான் தள்ளினார்கள்.

அந்தக் குழிகளுக்குள் துணிந்து இறங்கியவர் எடுவார் ஆல்ஃப்ரெட் மார்தெல். பாரிஸில் வழக்கறிஞர். விடுமுறை வந்தால் நூலேணி, மெழுகுவத்தி, மடக்குப் படகு சகிதம் கிளம்பிவிடுவார். 1888இல் மலைக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவரும் பிரமாபியோ ஆற்றின் வழியே, தரைக்கடியிலேயே சென்று மலையைக் கடந்தார். மறு ஆண்டு, சுமார் 75 மீட்டர் ஆழமுள்ள பாதிராக் குழியில் இறங்கி, அடியில் ஓடும் ஆற்றில் படகு விட்டார். அவருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் லூயி அர்மான் என்ற கிராமத்துக் கொல்லர். போன இடமெல்லாம் அளந்தார்கள், வரைபடம் போட்டார்கள்.

1891இல் லா பெரி என்ற ஊற்றின் நீரைக் குடித்த மார்தெல் நோயில் விழுந்தார். கண்ணுக்குத் தெளிந்த நீர்தான். ஆனால் அந்த ஊற்றுக்கு மேலே இருந்த குழியில் ஒரு கன்றுக்குட்டியின் உடல் அழுகிக் கிடந்தது.

காரணம் பாறையில் இருக்கிறது. மணலில் இறங்கும் மழைநீர் மெல்ல வடிகட்டப்படும். சுண்ணாம்புப் பாறையிலோ, கரியமில வாயு கலந்த மழைநீர் மென் அமிலமாகி, விரிசல்களைக் கரைத்துக் கரைத்துப் பாதையாக்கிவிடுகிறது. அந்தப் பாதையில் அழுக்கு வடிகட்டப்படாமலே ஊற்றுக்கு வந்து சேரும்.

இதை மார்தெல் ஓயாமல் எடுத்துச் சொன்னார். குகை ஆய்வுக்கென 1879இலேயே வியன்னாவில் ஒரு சங்கம் தோன்றியிருந்தது. 1895இல் மார்தெல் பாரிஸில் குகையியல் சங்கத்தை நிறுவினார். 'ஸ்பெலுங்கா' என்ற இதழும் வந்தது. 1902 பிப்ரவரி 15இல் பிரான்சு இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், செத்த விலங்குகளைக் குழிகளிலும் பாறைப் பிளவுகளிலும் எறிவதைத் தடை செய்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை மார்தெல் சட்டம் என்றே குறிப்பிடுகிறார்கள்.

1965இல், அன்றைய யூகோஸ்லாவியாவில் கூடிய பல நாட்டு ஆய்வாளர்கள் பன்னாட்டுக் குகையியல் ஒன்றியத்தை அமைத்தார்கள். இன்று உலகெங்கும் குகைச் சங்கங்கள் வரைபடம் வரைகின்றன, குழிகளில் குவிந்த குப்பையை அள்ளி வெளியேற்றுகின்றன.

குகையைக் காப்பது சாகசக்காரர்களின் பொழுதுபோக்கு அல்ல. சுண்ணாம்பு நிலத்தில் குகையைக் கெடுத்தவர், கீழே இருக்கும் ஊரின் குடிநீரைக் கெடுத்தவர்.