இரு கேப்பிடல் அரங்குகள்

கட்டடக் கலை என்றதும் தமிழர் நெஞ்சம் கோயிற் கோபுரத்தையே முதலில் நாடும். ஆயினும் கூத்துக்கு அரங்கு சமைக்கும் கலையும் நம்மவர்க்குப் பழையதே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய ஆடரங்கு ஒன்றைக் காட்டுகிறது. புகவும் புறப்படவும் இரு வாயில்கள், மூவகை எழினிகள், தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு நிறுத்திய விளக்குகள் ஆகியவற்றையும் இளங்கோவடிகள் மறவாது குறிக்கிறார். காண்போர் கண்ணுக்குத் தடை நேரலாகாது என்பதே அவ்வமைப்பின் உட்கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் திரைப்படம் பரவியபோது இதே சிக்கல் புதுவடிவில் எழுந்தது. தொடக்கத்தில் படக்காட்சிக்குக் கூடாரமே போதுமானதாயிற்று. திருச்சியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் படக்கருவி வாங்கி ஊரூராகக் கூடாரமடித்துக் காட்டினார். பின்னர்க் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். சென்னையில் ரகுபதி வெங்கையா 1914-இல் கெயிட்டி அரங்கைக் கட்டினார். முதல் உலகப் போர் முடிந்து இரண்டாம் போர் மூளுமுன் இருந்த இருபது ஆண்டுகளிலோ, திரையரங்கு கட்டடக் கலைஞர்களின் தனித்துறையாகவே வளர்ந்தது. எஃகும் கான்கிரீட்டும் கைவந்தமையால் பார்வையை மறைக்கும் தூண்களின்றி மாடிகளை முன்னோக்கி நீட்ட முடிந்தது. பேசும் படம் வந்தபின், ஒலி எதிரொலித்துக் குழம்பாமற் காப்பதும் அவர்கள் கடனாயிற்று.

அக்காலத்துக் கட்டடக் கலைஞர் கூட்டுகளுள் தமிழர் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூரில் பெயர் பெற்றது கீஸ், டவுட்ஸ்வெல் என்னும் இருவரின் நிறுவனம். ஆற்றுமுகத்தில் 1928-இல் திறக்கப்பெற்ற புல்லர்ட்டன் கட்டடம் அவர்கள் கைவண்ணமே. அஞ்சலகமும் அரசு அலுவலகங்களும் அமைந்த அம்மாளிகையின் பெருந்தூண்கள் ஆட்சியின் மிடுக்கைக் காட்டுவன. அடுத்து, பாரசீக வழிவந்த நமாசி குடும்பத்தார்க்காக ஸ்டாம்போர்டு சாலையும் நார்த் பிரிட்ஜ் சாலையும் கூடும் மூலையில் கேப்பிடல் திரையரங்கை வகுத்தனர். அது 1930 மே 22 அன்று 'ரியோ ரீட்டா' என்னும் பேசும் படத்துடன் திறக்கப்பெற்றது. விதானத்தில் பன்னிரு இராசிகளின் உருவங்கள். மேடையின் இருமருங்கும் சிறகுடைய குதிரைகள். அரசு மாளிகைக்குக் கைக்கொண்ட செவ்வியல் மரபின் பொலிவை, சீட்டு வாங்கி வரும் பொதுமக்களின் பொழுதுபோக்கிற்கும் உரித்தாக்கினர் அவ்விருவர்.

இந்தியாவிலும் அவ்வாறே. பம்பாய் ரீகல் அரங்கை 1933-இல் சார்லஸ் ஸ்டீவன்ஸ் படைத்தார்; விக்டோரியா முனையத்தைக் கட்டியவரின் மகன் அவர். 1938-இல் எழுந்த மெட்ரோ அரங்கிற்கு நியூயார்க் நகரத்துத் தாமஸ் லாம்ப் திட்டம் தந்தார்.

இனி, வித்துராவிலும் பொன்முடி மலைச்சரிவுகளிலும் வாழும் நமக்கு அணித்தான திருவனந்தபுரத்தை நோக்குவோம். அங்கும் ஒரு கேப்பிடல் அரங்கு இருந்தது. மலையாளத்தின் முதற்படமாகிய 'விகதகுமாரன்' அதில்தான் திரையிடப்பட்டது. ஆண்டினை 1928 என்றும் 1930 என்றும் ஆய்வாளர் இருவிதமாகக் கூறுவர். படத்தை எழுதி இயக்கி, ஒளிப்பதிவு செய்து, நாயகனாகவும் நடித்தவர் ஜே. சி. டேனியல், குமரி மாவட்டத்து அகஸ்தீசுவரத்தோடு உறவுடையவர். நாயகியாக நடித்த பி. கே. ரோசி ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அவர் நாயர் மகளிர் வேடம் பூண்டது பொறாது, கூடியிருந்தோர் திரைமீது கல்லெறிந்தனர். அவர் உடனிருந்தால் விழாவிற்கு வாரோம் எனப் பெரியோர் சிலர் மறுத்தனர் என்றும், தாம் நடித்த படத்தைக் காண அவருக்கே இடம் கிடைக்கவில்லை என்றும் கூறுவர். அவர் குடிசையும் எரியூட்டப்பட்டது. ஊரைவிட்டு ஓடிய அவர் நாகர்கோவிலில் ராஜம்மாள் என்னும் பெயரோடு வாழ்ந்து மறைந்தார். திருவிதாங்கூரில் கோயில் நுழைவு ஆணை பிறந்தது 1936-இல் என்பதை நினைவிற் கொள்க.

தூணை அகற்றிப் பார்வைக்கு வழி செய்யக் கட்டடக் கலைஞரால் முடிந்தது. மனிதர்க்கிடையே நின்ற தடையை அகற்ற எந்த வரைபடமும் போதவில்லை.

அதே கேப்பிடலில் 1933-இல் 'மார்த்தாண்ட வர்மா' திரையிடப்பட்டது. தயாரித்தவர் நாகர்கோவில் சுந்தர்ராஜ். நாவலின் பதிப்புரிமை வழக்கால் படச்சுருள் பறிமுதலாயிற்று. அச்சுருள் பதிப்பகத்தாரிடமே கிடந்து, 1974-இல் தேசியத் திரைப்படக் காப்பகத்தை அடைந்தது. 'விகதகுமாரன்' சுருளோ அழிந்தேபோயிற்று. டேனியல் பல் மருத்துவராகத் தொழில் செய்து 1975-இல் காலமானார். தமிழ்நாட்டில் வாழ்பவர் என்று காட்டி, நலிந்த கலைஞர்க்குரிய உதவியைக் கேரள அரசு அவருக்கு மறுத்தது என்பர். அவர் பெயரால் அதே அரசு விருது நிறுவியது 1992-இல்.

இரு கேப்பிடல்களையும் ஒப்பிடுக. சிங்கப்பூர் அரங்கு 1998-இல் மூடப்பட்டது. எனினும் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பெற்று, புதுப்பிக்கப்பட்டு 2015-இல் மீண்டும் திறந்தது. வரைந்தவர் பெயர்கள் இன்றும் நூல்களில் உள்ளன. திருவனந்தபுரத்து அரங்கு இன்று இல்லை. அதன் வரலாற்றைத் தாங்கி நிற்பவை சுவர்கள் அல்ல. துரத்தப்பட்ட ஒரு பெண்ணின் பெயரும், இரு மொழிக்கு இடையே நின்றதால் எவர்க்கும் உரியவராகாத ஒரு கலைஞரின் பெயருமே.

பிறமொழி மண்ணில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது தொலைவிலுள்ள கதையன்று. கல்லுக்குக் காவல் செய்ய அரசுகள் உண்டு. பெயருக்குக் காவல் நாமே. நம் முன்னோர் எந்த அரங்கில் எந்தப் படத்தைக் கண்டனர், எந்த வரிசையில் அமர்த்தப்பட்டனர் என்பதை முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போம். அதுவும் வரலாறே.