துப்பாக்கியின் குறியும் ஒலியும்

செம்பூர் என்றவுடன் மும்பைத் தமிழர் மனத்தில் எழும் காட்சி இன்று வேறு. புறநகர் இரயில் நிலையம், அடுக்குமாடிக் குடியிருப்புகள், காலையில் காப்பி மணக்கும் உணவு விடுதி, மாலையில் கோயில் மணியோசை. மாதுங்காவில் இடம் நெருக்கியபோது அங்கே பெயர்ந்து சென்ற குடும்பங்கள் பல. 1950-களில் டிராம்பேப் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் தோன்றிய பின்னர், வேலையை நாடி நேரே அங்கு வந்தவர்களும் உண்டு. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்பூர், மரமடர்ந்த சிறு குன்றுகள் சூழ்ந்த ஓர் ஒதுக்குப்புறச் சிற்றூராகவே இருந்தது. பம்பாய் நகரத்துத் தையப்ஜி குடும்பத்தார் விடுமுறை நாள்களைக் கழிக்க அங்குச் செல்வது வழக்கம். அவர்களோடு சென்ற சிறுவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் பறவையியல் அறிஞராகப் புகழ்பெற்ற சாலிம் அலி.

1896 நவம்பர் 12ஆம் நாள் பிறந்த சாலிம் அலி இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். தாய்மாமன் அமிருத்தீன் தையப்ஜி அவரைக் கேத்வாடியிலிருந்த தம் இல்லத்தில் வளர்த்தார். மாமன் வேட்டைப் பிரியர். மருமகனுக்கு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அதைக்கொண்டு சிறுவர் வீழ்த்திய குருவிகளுள் ஒன்றின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன பறவை, உண்ணத் தக்கதுதானா என்னும் ஐயம் எழ, மாமனிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமனுக்கும் விளங்கவில்லை. 1883-இல் தொடங்கப்பட்டிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கௌரவச் செயலாளர் மில்லார்டு துரைக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். மஞ்சட்கழுத்துச் சிட்டு என்று இனங்கண்டு சொன்ன மில்லார்டு, பாடம் செய்து அடுக்கி வைத்திருந்த பறவைகளையும் சிறுவருக்குத் திறந்து காட்டினார். 1985-இல் வெளிவந்த சாலிம் அலியின் தன்வரலாற்று நூல், அந்தச் சிட்டின் வீழ்ச்சியையே தன் தலைப்பாகக் கொண்டது.

அவருடைய சிறுவயதுக் குறிப்பு மற்றொன்றும் உண்டு. வண்டிக் கொட்டிலில் கூடு கட்டியிருந்த ஊர்க்குருவிச் சேவலை, நிறுத்தியிருந்த வண்டியின் பின்னே மறைந்திருந்து சுட்டார். பேடு வேறொரு சேவலை அழைத்து வந்தது. அதுவும் சுடப்பட்டது. ஏழு நாளில், அதே இடத்தில், எட்டுச் சேவல்கள் வீழ்ந்தன. காற்றுத் துப்பாக்கிக்கு வெடியோசை இல்லை. அதனாலேயே இது கைகூடியது போலும். வெடிமருந்துத் துப்பாக்கியாக இருந்திருந்தால் முதல் வெடியிலேயே கொட்டிலில் ஒரு குருவியும் மிஞ்சியிராது. அந்தக் குறிப்பும் எழுதப்பட்டிராது.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கு வருவோம். அந்நாளில் இந்தியர் ஒருவர் அதனை வைத்திருப்பது எளிய காரியமன்று. லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது, 1878-இல் ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும் நிலத்துக்கு உடையவன் மேளத்தையும் தீப்பந்தத்தையும் நம்பியிருக்க, பொழுதுபோக்காகப் பன்றி வேட்டைக்கு வரும் துரைக்கு எந்தத் தடையும் இல்லை. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாடு, இச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பம்பாய் வழக்கறிஞர் பத்ருத்தீன் தையப்ஜி. செம்பூருக்கு விடுமுறை கழிக்கச் சென்ற அதே தையப்ஜி குலத்தவர்தாம் அவர். பம்பாய்க்காரர் ஒருவர் சென்னையில் அமர்ந்து நடத்திய கூட்டத்தில் எழுந்த அந்தக் கோரிக்கை, இரு நகரங்களையும் தம்முடையவையாகக் கருதும் நம்மவர்க்குச் சற்றுப் பெருமை தரக்கூடியதே.

தமிழகத்துக்கு இது புதிய அனுபவமும் அன்று. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட பிறகு, பாளையங்களின் கோட்டைகளை இடித்துக் குடிகளின் ஆயுதங்களைக் களையும் ஆணையைக் கம்பெனி பிறப்பித்தது. இந்தியா முழுவதும் 1878-இல் கண்டதைத் தென்பாண்டிச் சீமை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கண்டுவிட்டது.

உரிமம் கிடைத்தாலும் விரும்பிய துப்பாக்கி கிடைத்துவிடாது. ஆங்கிலேயப் படையினர் பயன்படுத்திய புள்ளி 303 அளவுத் தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கையில் சேர்ந்துவிடக் கூடாதே என்னும் அச்சத்தால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அளவைப் பொதுமக்கள் பயன்படுத்துவது இந்தியாவில் தடுக்கப்பட்டது. எனவே ஆயுத வணிகர் வேறு வழி தேடினர். ஆஸ்திரியப் படைக்கென 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுக்கப்பட்ட மான்லிக்கர் தோட்டா ஒன்று இருந்தது. அதனையே புள்ளி 315 என்னும் பெயரில் வேட்டைத் துப்பாக்கிக்குப் பொருத்தினர். துப்பாக்கியின் உடல் ஆங்கிலேயரின் லீ என்பீல்டு. வயிற்றில் போகும் தோட்டா ஆஸ்திரியருடையது. ஐரோப்பாவில் அந்தத் தோட்டாவின் காலம் முடிந்த பின்னும் இந்தியக் காடுகளிலும் தோட்டங்களிலும் அது வாழ்ந்தது. விடுதலைக்குப் பின், வங்காளத்து இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலை இவ்வகைத் துப்பாக்கியைச் செய்து விற்றது. வெளிநாட்டு ரைபிளுக்குப் பொருள் இல்லாத உழவரும், சிறு தோட்டக்காரரும், ஓய்வுபெற்ற படைவீரரும் வாங்கியது இதைத்தான். அரண்மனைகளின் கண்ணாடிப் பேழைகளில் இதற்கு இடமில்லை. ஆயினும் இந்திய வேட்டையின் வரலாற்றை உள்ளபடி எழுதுவோர், ஓர் அரசரின் இரட்டைக்குழல் ரைபிளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியையாவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்து.

விலை குறைந்த ரைபிளை வாங்கியவுடன் காட்டுக்குள் நுழைவதற்கில்லை. முதலில் அதன் குறியைச் சரிபார்த்தாக வேண்டும். குழலின் நுனியில் ஒரு மெல்லிய தகடு நிற்கும், அது முன்குறி. கண்ணருகே பள்ளம் வெட்டிய தகடு ஒன்றிருக்கும்; அது பின்குறி. பள்ளத்தின் நடுவே தகடு தெரிய, தகட்டின் தலையில் இலக்கு அமர வேண்டும். மணல் மூட்டையின்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, 25 கஜத்தில் தாள் ஒட்டிய பலகை நிறுத்தி, ஒரே புள்ளியை நோக்கி மூன்று முறை சுடுவது பழைய முறை. மூன்று துளைகளும் ஒன்றையொன்று நெருங்கி விழுந்தால் துப்பாக்கியும் கையும் நல்லவை. துளைக்கூட்டம் இலக்கை விட்டு விலகியிருந்தால் குறிதான் பிழை. மூன்றும் மூன்று திசையில் சிதறினால் குறியைத் தொட்டுப் பயனில்லை. துளைகள் இடப்பக்கம் கூடினால் பின்குறியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். முன்குறியை நகர்த்துவதானால் இடப்பக்கம். இதில் தடுமாறாத புதியவர் அரியர். 25 கஜத்தில் ஓர் அங்குலம் பிழைத்தால் 100 கஜத்தில் அது நான்கு அங்குலமாகும். நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் பட, குற்றுயிராய்ப் புதருக்குள் புகும் விலங்கு நாட்கணக்கில் துன்புற்று மடியும். சிறுத்தையாயின், அடுத்த நாள் புல்லறுக்க வரும் பெண் அதன் எதிரே நிற்பாள். குறி பார்த்துத் திருத்தும் அந்த அரை நாள் உழைப்பை வீண் என்று எண்ணியவர்களால் நேர்ந்த கேடு சிறிதன்று.

இனி ஒலி. இயந்திரத் துப்பாக்கியை 1884-இல் உருவாக்கிய ஹைரம் மாக்சிம் பெயர் பலரும் அறிந்தது. அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம், 1909-இல் அமெரிக்காவில், துப்பாக்கியின் ஓசையைத் தணிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தந்தை உலகுக்கு ஓயாத வெடியோசையைக் கொடுத்தார்; மகன் அதனை அடக்க முற்பட்டார். இதே மகன்தான் 1914-இல் அமெரிக்க வானொலி ஆர்வலர் சங்கத்தைத் தோற்றுவித்தவர் என்பதை வானொலி நேயர்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கருவியின் தத்துவம் எளியது. குண்டு வெளியேறும்போது அதன் பின்னே அழுத்தப்பட்ட சூடான வாயு திடீரென்று காற்றில் பாய்வதே வெடியோசைக்குக் காரணம். குழலின் நுனியில் அறைகள் கொண்ட ஓர் உருளையைப் பொருத்தினால், வாயு அவ்வறைகளில் தங்கி, விரிந்து, வேகம் குன்றி மெல்ல வெளியேறும். ஆனால் வேட்டை ரைபிளின் குண்டு ஒலியைவிட விரைவாகப் பறப்பது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். அதனை முந்திச் செல்லும் குண்டு காற்றைக் கிழிப்பதால் எழும் சாட்டையடி போன்ற ஓசையை எந்த உருளையும் அடக்காது. திரைப்படத்தில் கேட்கும் இருமல் போன்ற மெல்லொலியெல்லாம் கதாசிரியர் கற்பனை. இன்னொன்றும் உண்டு: குழலின் நுனியில் எடை கூடினால் குண்டு விழும் இடமும் மாறும். ஆகவே உருளையை மாட்டிய துப்பாக்கிக்கு மணல் மூட்டை, பலகை, மூன்று துளை என்று முதலிலிருந்து மீண்டும் குறி பார்த்தாக வேண்டும். மாட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பவன் குறி ஒரு நாளும் நிலைப்பதில்லை.

சுடுபவரின் செவியைக் காப்பது இக்கருவியின் நற்பயன். மறைந்து சுடுபவனைக் காப்பது தீய பயன். அமெரிக்கா 1934-இல் இதன்மீது 200 டாலர் வரி விதித்தது. அது அந்நாளில் பெருந்தொகை. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெடிப்பதால் உண்டாகும் ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்கென அமைந்த துணைக்கருவியும் துப்பாக்கி என்னும் சொல்லில் அடங்கும் என்று அது வகுத்திருக்கிறது. வெறும் இரும்புருளையாயினும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே. இத்தகைய வாசகங்களைத் தமிழாக்கும் தொழிலில் இருப்போர்க்குச் சொல் ஒரு தொல்லை. சைலன்சர் என்று எழுதினால் படிப்பவர் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை நினைப்பார். ஒலியடக்கி என்பது ஓசை நன்று. பொருள் மிகை, ஏனெனில் ஒலி அடங்குவதில்லை. ஒலிதணிப்பி என்பதே பொருந்தும் என்று நாம் கொள்வோம்.

ஒலியைப் பற்றிய வழக்கு தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் முற்பட்டது. செங்கற்பட்டுச் சீமை வேடந்தாங்கல் ஏரியில் கம்பெனிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டனர். ஊரார் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீரே தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்கள் வாதம். 1798-இல், அங்கே பறவைகளைச் சுடலாகாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார் பிளேஸ். ஆயுதம் ஏந்தியவரின் கையைத் தாளும் மையும் கொண்டு தடுத்த ஊரார் அவர்கள். மூன்றே ஆண்டில், தெற்கே அதே கம்பெனி குடிகளின் கையிலிருந்த ஆயுதங்களைப் பறித்தது என்பதையும் உடன் வைத்து எண்ண வேண்டும்.

சாலிம் அலி துப்பாக்கியை வெறுத்தவர் அல்லர். 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளை ஆய்ந்தபோதும் மாதிரிக்காகச் சுட்டே சேகரித்தார். அறிவியலுக்கு அது தேவை என்றே இறுதிவரை கருதினார். ஆயினும் காலம் மாறிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991-இல் வந்த திருத்தம் வேட்டை உரிமம் என்பதையே நீக்கியது. புள்ளி 315 ரைபிள்கள் வீட்டு மூலைக்குப் போயின. தேர்தல் வரும்போது அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் ஆணையின் வழியாகத்தான் பல வீடுகளில் அவற்றின் நினைவே எழுகிறது.

செம்பூருக்குக் கிழக்கே தானாக் கழிமுகத்தின் சேற்றில் ஆண்டுதோறும் பூநாரைகள் பெருந்திரளாக வந்திறங்குகின்றன. 2015-இல் அப்பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சிவ்ரியிலிருந்து கடலைக் கடந்து நவசேவா செல்லும் பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டபோது, பறவைகள் மேயும் பகுதியில் பாலத்தின் ஓரமாக ஒலித்தடுப்புச் சுவர்கள் நிறுத்தப்பட்டிருந்தன. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் இத்தகைய சுவர் ஏதும் இல்லை. அங்கே தீபாவளியன்று குழந்தைகளுக்குப் புத்தாடை உண்டு, இனிப்பு உண்டு. பறவைகள் அஞ்சும் என்று வெடி மட்டும் கொளுத்துவதில்லை.