எண்ணிம ஓவியரின் பணியிடம்: ஒரு வரலாறு

எண்ணிம ஓவியம் அல்லது டிஜிட்டல் ஓவியம் என்பது கணினி, டேப்லெட் போன்ற கருவிகளின் துணையுடன் வரையப்படும் ஓவியமாகும். இதன் வரலாறு பெரும்பாலும் மென்பொருள்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் அதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. வரைபவரின் கை எங்கே இருக்க வேண்டும், கண் எங்கே பார்க்க வேண்டும், கழுத்து எவ்வளவு குனியலாம் என்ற கேள்விகளின் வரலாறு அது. கடந்த அறுபது ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு கருவியும் உடலின் ஒரு சிரமத்தைத் தீர்த்தது. கூடவே புதிய சிரமம் ஒன்றையும் கொண்டுவந்தது. இந்த வரலாற்றை அறிந்தால், வசதியான பணியிடம் ஆடம்பரம் அன்று, ஓவியரின் தொழிற்கருவிகளுள் ஒன்று என்பது புரியும்.

கணினிக்கு முந்தைய மேசைகள்

எழுதுபவரும் வரைபவரும் சாய்வான பரப்பைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514-இல் செதுக்கிய புனித ஜெரோம் படத்தில், அவர் மேசைமேல் வைத்த சிறு சாய்வுப் பலகையில் எழுதுகிறார். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தரையில் அமர்ந்து பயன்படுத்திய சாய்வு மேசையும் பழைய பள்ளிகளின் சாய்வுப் பலகை மேசையும் இதே வகையைச் சேர்ந்தவை. பரப்பு சாய்ந்திருந்தால் தாள் கண்ணை நோக்கி எழுகிறது. கழுத்து தாளை நோக்கி அதிகம் குனிய வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அசைவூட்டப் படக் கலைஞர்களுக்கென்று தனி மேசைகள் உருவாயின. அமெரிக்காவின் பர்பேங்க் நகரில் 1940 வாக்கில் இயங்கத் தொடங்கிய டிஸ்னி படப்பிடிப்பகத்துக்காக கெம் வெபர் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய மேசைகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. சாய்க்கக்கூடிய மேற்பரப்பின் நடுவே, அடியிலிருந்து ஒளி வரும் வட்டத்தட்டு ஒன்று இருந்தது. அந்தத் தட்டைச் சுழற்ற முடியும். வளைகோடு வரையும்போது மணிக்கட்டைத் திருகுவதற்குப் பதிலாகத் தாளையே திருப்பிக்கொள்ளலாம். இன்றைய ஓவிய மென்பொருள்களில் படத்தைச் சுழற்றும் வசதி இதே வேலையைத்தான் செய்கிறது.

தொழிலால் வரும் நோய்

வேலை செய்யும் விதமே நோயைத் தரும் என்பதை முறையாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸ்ஸினி (1633–1714). தொழிலாளர் நோய்கள் பற்றிய அவருடைய நூல் 1700-இல் வெளிவந்தது. நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளுடன் ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஓவியர்கள் கையாளும் ஈயம், இரசம் கலந்த வண்ணங்களின் தீமையையும் அந்நூல் பேசுகிறது.

1713-இல் வந்த விரிவான பதிப்பில் எழுத்தர்களின் நோய்களையும் அவர் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் விடாமல் அசைவது, பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம் ஆகிய மூன்றையும் காரணங்களாகக் காட்டினார். அவருக்குத் தெரிந்த எழுத்தர் ஒருவருக்கு வலக்கையில் முதலில் சோர்வு வந்தது. பிறகு அந்தக் கையே செயலிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் இடக்கைக்கும் அதே நோய் வந்தது. குறை கையில் இல்லை, வேலை அமைந்த முறையில்தான் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்த மூன்று காரணங்களும் இன்று இரவு பகலாகத் திரைமுன் வரையும் இளைஞருக்கும் அப்படியே பொருந்தும்.

வேலையை மனிதருக்கேற்ப அமைக்கும் துறைக்குப் பணிச்சூழலியல் என்று பெயர். இதற்கான ‘எர்கோனாமிக்ஸ்’ என்ற சொல், வேலை, விதி எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. போலந்து நாட்டு இயற்கையியலாளர் வோய்ச்செக் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857-இல் இச்சொல்லைப் பயன்படுத்தினார். பின்னர் 1949-இல் பிரிட்டனில் ஹைவெல் முரெல் முதலியோர் இத்துறைக்கான ஆய்வுக் கழகத்தைத் தொடங்கியபோது அது பரவலான வழக்குக்கு வந்தது.

ஒளிப்பேனாவும் தூக்கிய கையும்

கணினித் திரையில் கையால் வரையும் முயற்சியில் 1963 ஒரு திருப்புமுனை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் ஐவன் சதர்லாண்ட், தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை டிஎக்ஸ்-2 என்னும் கணினியில் உருவாக்கினார். பயனர் ஒளிப்பேனாவைத் திரைமேல் வைத்துக் கோடுகளும் வட்டங்களும் வரைந்தார். திரையின் ஒளியை உணர்ந்து, தான் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதைக் கணினிக்குத் தெரிவிப்பதே ஒளிப்பேனாவின் வேலை.

கை வரைந்த இடத்திலேயே கோடு தோன்றியது பெரிய வசதி. ஆனால் திரை செங்குத்தாக நின்றது. சுவரில் வெள்ளையடிப்பவரைப் போலக் கையை அந்தரத்தில் தூக்கியபடியே வரைய வேண்டியிருந்தது. சில நிமிடங்களில் தோள் கனக்கத் தொடங்கும். நிமிர்ந்த தொடுதிரைகள் வந்தபோதும் இதே தொல்லை தோன்றியது. பொறியாளர்கள் அதற்கு வேடிக்கையாகக் ‘கொரில்லா கை’ என்று பெயர் வைத்தனர்.

ஸ்கெட்ச்பேடில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வலக்கை பேனாவைப் பிடித்திருக்க, இடக்கை பொத்தான்களை அழுத்திக் கட்டளைகளைக் கொடுத்தது. வேலையை இரு கைகளுக்கும் பங்கிடும் இந்த முறை, இன்றும் ஓவியர்கள் இடக்கைப் பக்கம் சிறு விசைப்பலகை வைத்துக்கொள்வதில் தொடர்கிறது.

மேசைக்கு இறங்கிய கை

அடுத்த ஆண்டே, 1964-இல், கலிபோர்னியாவின் ராண்ட் நிறுவனத்தில் எம். ஆர். டேவிஸ், டி. ஓ. எல்லிஸ் ஆகியோர் உருவாக்கிய ‘ராண்ட் டேப்லெட்’ அறிவிக்கப்பட்டது. பக்கத்துக்குச் சுமார் 10 அங்குலம் கொண்ட சதுரப் பலகை அது. அதனுள் மெல்லிய செப்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்திருந்தன. அவற்றின் மின்துடிப்புகளைப் பேனா உணர்ந்து தன் இடத்தைக் காட்டியது. பலகை மேசைமேல் கிடந்ததால் முன்கைக்குத் தாங்கல் கிடைத்தது. தோள்வலிக்கு இது நல்ல தீர்வு.

ஆனால் கையும் கண்ணும் பிரிந்தன. கை மேசையில் வரைய, கண் எதிரே உள்ள திரையைப் பார்த்தது. புதியவருக்கு இது முதலில் குழப்பம் தரும், பழகியபின் இயல்பாகிவிடும். தலை நிமிர்ந்தே இருப்பதால் கழுத்துக்கும் நன்மை.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் 1973-இல் ரிச்சர்டு ஷூப் உருவாக்கிய ‘சூப்பர்பெயின்ட்’ இவ்வகைப் பலகையைக் கொண்டு வண்ண ஓவியம் தீட்ட உதவியது. 1981-இல் இங்கிலாந்தின் குவான்டெல் நிறுவனம் வெளியிட்ட ‘பெயின்ட்பாக்ஸ்’ தொலைக்காட்சி நிலையங்களில் பரவியது. அதன் பேனா, அழுத்தத்துக்கேற்ப மாறுபடும் கோட்டைத் தந்தது. 1987-இல் பிபிசி ஒளிபரப்பிய தொடர் ஒன்றில் டேவிட் ஹாக்னி உள்ளிட்ட ஓவியர்கள் இக்கருவியில் வரைந்து காட்டினர்.

ஜப்பானில் 1983-இல் தொடங்கப்பட்ட வாகாம் நிறுவனம் பேனாவின் கம்பியை நீக்கியது. பின்னர் மின்கலமும் வேண்டாத பேனாக்களைத் தந்தது. பலகையின் மின்காந்தப் புலத்திலிருந்தே பேனா தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்றது. கம்பியின் இழுப்பும் மின்கலத்தின் எடையும் நீங்கியதால் விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் சுமை குறைந்தது.

வலியும் சட்டமும்

1980-களின் முற்பாதியில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகையில் வேலை செய்தோரிடையே கைவலிப் புகார்கள் பெருகின. அவர்களுள் பெண்கள் மிகுதி. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயம் என ஒரு சாரார் கூறினர். மனத்தின் பாதிப்பே காரணம் என மருத்துவர்களுள் சிலர் வாதிட்டனர். ‘கங்காரு பாதம்’ என்ற கேலிப் பெயரும் வந்தது. கண்ணுக்குத் தெரியாத வலியை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு வலித்தவர் தலையிலேயே விழுந்ததுதான் இதில் வருத்தத்துக்குரியது.

ஆயினும் பணியிடம் பற்றிய அக்கறை வளர்ந்தது. ஐரோப்பிய சமூகம் 1990 மே மாதம் 90/270 என்ற எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தது. திரை சாயவும் திரும்பவும் வேண்டும், விசைப்பலகை திரையிலிருந்து தனியாக இருக்க வேண்டும், இருக்கையின் உயரத்தை மாற்ற முடிய வேண்டும், வேலைக்கு இடையே ஓய்வோ வேலை மாற்றமோ தரவேண்டும், கண் பரிசோதனைக்கு வழி செய்யவேண்டும் என்பன அதன் விதிகளுள் சில. அலுவலகக் கணினிப் பணிக்கான ஐஎஸ்ஓ 9241 தர வரிசையும் 1992 முதல் வெளிவரத் தொடங்கியது.

இவை முதலாளியின் கீழ் வேலை செய்வோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டிலிருந்து தனியாகப் படம் வரைந்து அனுப்பும் ஓவியரின் மேசையைச் சோதிக்க எவரும் வருவதில்லை. தன் கையைக் காக்கும் பொறுப்பு அவருக்கே உரியதாகிறது.

மீண்டும் திரைமேல்

2001-இல் வாகாம் ‘சின்டிக்’ என்ற திரைப்பலகையை வெளியிட்டது. 2015-இல் ஐபேடு ப்ரோவும் ஆப்பிள் பென்சிலும் வந்தன. வரையும் இடத்திலேயே கோடு தோன்றும் வசதி மீண்டும் கிடைத்தது. திரையைச் சாய்த்து வைக்க முடிந்ததால் தோள்வலியும் திரும்பவில்லை. ஆனால் இம்முறை சுமை கழுத்துக்கு மாறியது. மேசையிலோ மடியிலோ கிடக்கும் திரையைப் பார்க்கத் தலை குனிந்தே இருக்க வேண்டும்.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. தலை 60 பாகை குனிந்தால் கழுத்து முள்ளெலும்புகள் தாங்கும் விசை சுமார் 27 கிலோவுக்கு நிகராகும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணினி மாதிரி ஒன்றின் மூலம் மதிப்பிட்டார். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஏ. சி. மண்டால், மாணவர்களுக்கு உயரமான, சாய்வான மேசைகளே ஏற்றவை என்று பல ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டிருந்தார். கணக்குப்பிள்ளையின் மேசைக்கே நாம் திரும்பி வந்திருக்கிறோம் என்றும் சொல்லலாம்.

இன்றைய மேசைக்கான பாடங்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே பின்பற்றக்கூடிய சில விதிகள் கிடைக்கின்றன.

சாய்வு: திரைப்பலகையைப் படுக்க வைக்காமல் தாங்கியின் மேல் சாய்த்து வைக்க வேண்டும். தாங்கி இல்லையெனில், தடித்த புத்தகங்களைப் பின்பக்கம் அடுக்கி, வழுக்காதபடி ஒரு துணி விரித்தாலும் போதும். கட்டிலில் குப்புறப் படுத்து வரைவது கழுத்தையும் இடுப்பையும் ஒருசேர வருத்தும்.

உயரம்: தோளைத் தூக்காமல் முழங்கை மடங்கிய நிலையில் முன்கை மேசையில் அமர வேண்டும். பாதங்கள் தரையில் படிய வேண்டும். எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகையைப் போட்டுக்கொள்ளலாம். முதுகின் கீழ்ப்பகுதிக்குச் சுருட்டிய துண்டு நல்ல தாங்கல். தனித்திரையைப் பார்த்து வரைபவர், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்குமாறு, ஏறக்குறைய ஒரு கை நீளத் தொலைவில் வைக்கலாம்.

பிடி: பேனாவை இறுக்கிப் பிடிப்பதும் அழுத்தி வரைவதும் விரல்களைச் சோர்வடையச் செய்யும். மென்மையாகத் தொட்டாலே தடித்த கோடு வருமாறு மென்பொருளில் அழுத்த அளவை மாற்றிக்கொள்ளலாம். நீண்ட கோடுகளை மணிக்கட்டால் வரையாமல் முழங்கையையும் தோளையும் அசைத்து வரைவது நல்லது.

ஒளி: சாளரம் பக்கவாட்டில் இருக்கட்டும். அது எதிரே இருந்தால் கண் கூசும். பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது. அதனால் கண் உலர்கிறது. மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 நொடி பார்ப்பது எளிய வழக்கம்.

ஓய்வு: எவ்வளவு நல்ல இருக்கையானாலும் அசையாமல் இருப்பதற்கு அது மருந்தாகாது. அரைமணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்க வேண்டும். விரல்கள் மரத்துப் போவது, இரவில் கைவலியால் விழிப்பது, பிடி தளர்வது ஆகியவை இருந்தால் வரைவதைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது என்ன வேலை செய்கிறோம், நாளுக்கு எத்தனை மணிநேரம் செய்கிறோம் என்பதையும் தவறாமல் சொல்ல வேண்டும். ராமாஸ்ஸினி கேட்கச் சொன்ன கேள்விக்கான விடை அதுதான்.