ஊற்றும் ஊர்ப்பெயரும்

ஊர்ப்பெயர் என்பது மக்கள் மண்ணின்மீது எழுதிவைத்த சாசனம். மன்னர் பொறித்த கல்வெட்டுச் சிதைந்த பின்னரும், அது மக்கள் நாவில் நின்று பழஞ்செய்தியைப் பகர்கின்றது. இவ்வகைச் செய்திகளுள் நீரூற்றைப் பற்றியன பல.

இங்கிலாந்திலே சொமர்செற் பகுதியிலுள்ள வெல்ஸ் நகரம், தேவாலயத்தின் அருகே சுரக்கும் ஊற்றுக்களாற் பெயர்பெற்றது. இன்று கிணற்றைக் குறிக்கும் ‘வெல்’ என்னுஞ் சொல் பண்டை ஆங்கிலத்தில் ஊற்றையே குறித்தது. வேல்ஸ் நாட்டில் ஹோலிவெல் என்றோர் ஊருண்டு; ‘புனித ஊற்று’ என்பது பொருள். ஏழாம் நூற்றாண்டில் வினிஃபிரெட் என்னுங் கன்னியின் தலை வீழ்ந்தவிடத்தில் நீர் பெருகிற்று என்பது ஐதிகம். 1538ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றியின் ஆட்சி யாத்திரைகளைக் கண்டித்தது. ஆயினும் அவ்வூற்றை நாடுவோர் ஓயவில்லை, பெயரும் மாறவில்லை.

யாழ்ப்பாணத்துக் கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிய இளவரசியின் குதிரைமுகம் நீங்கிற்று. அதனால் அயலூர் மாவிட்டபுரம் ஆயிற்று என்பர். மா என்பது குதிரை.

ஊவா மாகாணத்திலும் நீரே பல பெயர்களைத் தந்துள்ளது. தியத்தலாவ என்னுஞ் சிங்களப் பெயரில் ‘தியா’ நீரையும், ‘தலாவ’ புல்வெளியையும் குறிக்கும். ஹாலி எலவில் ‘எல’ என்பது ஓடை. பதுளைக்கு அண்மையில் வெள்ளையர் வைத்த தோட்டப்பெயர் ஸ்பிரிங்வெலி. ‘ஸ்பிரிங்’ என்பது இளவேனிலுக்கும் ஊற்றுக்கும் பொதுச்சொல்.

தோட்டத்துத் தமிழரோ மலையினின்று இறங்கும் நீரைப் ‘பீலி’ என்றனர். குடிநீரும் குளிப்பும் அங்கேதான். மாரியம்மன் திருவிழா வந்தால், நீர்க்கரையிலேயே கரகம் பாலித்து, தப்பு முழங்கக் கோயிலுக்கு எடுத்துவருவர். நாள்தோறும் குடம் நிறைக்கும் நீர் அன்று தீர்த்தமாகின்றது. புராணமும் பட்டயமும் இல்லாத அந்நீர்நிலைக்கு மக்களின் வழிபாடே தலவரலாறு.

துரைமார் இட்ட தோட்டப்பெயர் ஆவணத்தில் ஏறிற்று. தொழிலாளர் தம் நீர்க்கரைக்கும் மேட்டுக்கும் இட்ட பெயர்கள் பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகைசெய்தது. ஒரு லயத்துக் குடும்பங்கள் கப்பலேறியபோது, அவர்கள் நாவிலிருந்த பெயர்களும் உடன் சென்றன.

ஹோலிவெல்லின் பெயர் நிலைத்தது, அதனைச் சொல்லுவோர் அவ்விடத்திலேயே வாழ்ந்தமையால். மலையகத்தில் முதியோர் இன்னும் நினைவிற் கொண்டுள்ள பெயர்களை இளையோர் கேட்டு எழுதிவைப்பாராயின், அவையும் நிலைக்கும். நீர் வற்றாதிருந்தும் பெயர் வற்றிப்போதல் ஒரு சமுதாயத்திற்குப் பேரிழப்பாகும்.