ராகம் வந்த பாதை – 12
குந்தகோளுக்கு ஒரு டிக்கெட்

1930-களின் கடைசி வருடங்கள். ஹூப்ளியிலிருந்து குந்தகோளுக்குப் போகும் லோக்கல் ரயிலில் ஓர் இளம் தாய். "பாட்டுக்காரி போகிறாள்" என்ற கேலிப்பேச்சு அவருக்குப் பழகிப்போன ஒன்று. பெயர் கங்குபாய் ஹங்கல். பாடம் சொல்லித் தரப்போகிறவர் ராம்பாவ் குந்தகோள்கர். ஊர் அறிந்த பெயர் சவாய் கந்தர்வர். கிரானா கரானாவின் பெரியவர் அப்துல் கரீம் கானின் சீடர்.

கங்குபாய் பாட்டுக்குப் புதியவர் அல்ல. 1924 பெல்காம் காங்கிரஸ் மாநாட்டில் காந்தியின் முன் வரவேற்புப் பாடல் பாடியபோது வயது 11. தாய் அம்பாபாய் கர்நாடக சங்கீதம் பாடுபவர். மகள் இந்துஸ்தானி கற்கத் தொடங்கியதும், தன் பாணி அவள் பாட்டில் கலந்துவிடக் கூடாதென்று வாய்ப்பாட்டையே விட்டவர். கிருஷ்ணாச்சாரியா என்ற முதல் வாத்தியார் ஒரே வருடத்தில் 60 உருப்படி சொல்லிக்கொடுத்தார். சம்பளத் தகராறில் அந்தப் பாடம் நின்றது.

குந்தகோளில் கணக்கே வேறு. ஒரு சின்னப் பிடி; அது தொண்டையில் உட்காரும்வரை அடுத்தது கிடையாது. கஞ்சன் காசை எடுப்பதுபோல ஸ்வரத்தை எடு என்பது குருவின் கட்டளை. அடுத்த ஸ்வரம் எப்போது வரும் என்று கேட்பவர் ஏங்க வேண்டும்.

இருட்டியதும் ஸ்டேஷன்வரை துணைக்கு ஒரு பையன் வருவான். குரு வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து பாட்டுக் கற்பவன். "அக்கா, இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்?" என்பதுதான் வழிநெடுகப் பேச்சு. அவன்தான் பீம்சேன் ஜோஷி.

பின்னாளில் தொண்டைக் கோளாறுக்குச் சிகிச்சை நடந்தது. மெல்லிய குரல் கனத்து, ஆண்குரல்போல ஆகிவிட்டது. 60 உருப்படியோடு நின்றிருந்தால் தம்புரா அன்றே உறைக்குள் போயிருக்கும். குந்தகோள் பாடம் குரலின் இனிமையை நம்பியதல்ல. ஸ்வரம் ஸ்வரமாக நின்று ஏறும் அந்த முறைக்குப் புதுக் கனம் கச்சிதமாகப் பொருந்தியது. 2002-ல் பத்ம விபூஷண் பெற்றதும் இந்தக் குரல்தான். 2009-ல், 96 வயதில் மறைந்தார்.

அந்த ஸ்வரக் கஞ்சத்தனத்தின் மூலவர் அப்துல் கரீம் கான், 1937-ல் உயிர்விட்டதும் ஒரு ரயில் நிலையத்தில்தான். நம் செங்கல்பட்டுப் பக்கத்து சிங்கப்பெருமாள்கோயில். அடுத்த வாரம் அந்தப் பிளாட்பாரத்தில் இறங்குவோம்.

(தொடரும்)