பெர்ரி ஓடும் துறையில் படகை நங்கூரமிடுவது எப்படி?

சுங்கைப்பட்டாணி, பீடோங், செமிலிங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தஞ்சோங் டாவாய் புதிய இடமன்று. நெத்திலியும் கருவாடும் வாங்கப் போவோம். அக்கரையில் இருக்கும் பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகேறுவோம். மெர்போக் ஆறு கடலில் சேரும் அந்த வாயில் மீன்பிடிப் படகுகள் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கும். பயணிகள் படகு அவற்றுக்குக் குறுக்கே ஓடும். இவற்றின் நடுவே ஓர் உல்லாசப் படகோ, தூண்டில் போட வாடகைக்கு எடுத்த சிறு படகோ நங்கூரமிட்டு நின்றால் ஆபத்து யாருக்கு? நிற்பவருக்கு மட்டுமன்று, ஓடும் படகில் இருப்பவர்களுக்கும்தான்.

தஞ்சோங் டாவாயில் ஓடுவது சிறு படகு. கோலக்கெடாவிலும் லங்காவியின் குவாவிலும் ஓடுவது விரைவு பெர்ரி. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே பெர்ரியோடு பெருங்கப்பல்களும் போகின்றன. அளவு வேறானாலும் விதி ஒன்றுதான்.

நிற்கும் படகு ஒரு வட்டம்

நங்கூரமிட்ட படகு ஒரே புள்ளியில் நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் திரும்பும்போது நங்கூரத்தை மையமாக வைத்துச் சுற்றும். அந்த வட்டம் முழுவதும் படகின் இடம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். கடல் வற்றிய நேரத்தில் ஆழம் 4 மீட்டர். கடல் பெருகும்போது இன்னும் 2.5 மீட்டர் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். படகின் முன்முனை நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர். ஆகக்கூடி 7.5 மீட்டர். முழுச் சங்கிலியாக இருந்தால் இதைப்போல் 5 மடங்கு, அதாவது சுமார் 38 மீட்டர் விட வேண்டும். பெரும்பகுதி கயிறாக இருந்தால் 7 மடங்கு, சுமார் 53 மீட்டர் வேண்டும். நீளமாக விட்டால்தான் இழுவிசை கிடையாக இருக்கும். நங்கூரம் சேற்றில் புதையும். குறைத்து விட்டால் அது மேல்நோக்கி இழுக்கப்பட்டுப் பெயர்ந்துவிடும்.

38 மீட்டர் சங்கிலியில் 12 மீட்டர் நீளமுள்ள படகு நின்றால், அதன் பின்முனை நங்கூரத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி இருக்கும். வட்டத்தின் குறுக்களவு 100 மீட்டர், ஏறக்குறைய ஒரு காற்பந்துத் திடலின் நீளம். காலையில் பெர்ரித் தடத்துக்கு வெளியே நின்ற படகு, நீரோட்டம் திரும்பியதும் தடத்துக்குள் வந்து நிற்பது இப்படித்தான். அருகில் நிற்கும் படகுகளும் ஒரே மாதிரி திரும்பா. அடிக்கட்டை ஆழமாக உள்ள பாய்மரப் படகு பெரும்பாலும் நீரோட்டத்தின் பக்கம் திரும்பும்; மேலோட்டமாக மிதக்கும் படகு காற்றின் பக்கம் திரும்பும்.

இடம் தேர்வு

1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு அனைத்துலக விதிமுறைகளில் 9ஆவது விதி, குறுகிய கால்வாயில் இயன்றவரை நங்கூரமிடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. 20 மீட்டருக்குக் குறைந்த படகும் பாய்மரப் படகும், அந்தக் கால்வாயை விட்டால் வேறு வழியில்லாத கப்பலுக்கு இடையூறு செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. விரைவு பெர்ரி நினைத்த இடத்தில் நிற்காது. விலகலாம் என்றாலும் பக்கத்தில் ஆழம் இருக்காது.

கடலிலிருந்து துறைக்குள் வரும்போது, நம் நாட்டு முறைப்படி, சிவப்பு மிதவை இடப்புறமும் பச்சை மிதவை வலப்புறமும் இருக்கும். இவற்றுக்கு இடைப்பட்டது ஓடும் தடம். அங்கே நிற்கக் கூடாது. பெர்ரி திரும்பும் இடம், படகுத்துறையின் முகப்பு, மீன்வலை கட்டிய இடம் ஆகியவையும் ஆகா. பினாங்குக்கும் லங்காவிக்கும் கடலடியில் மின்கம்பிகள் செல்கின்றன. கடல் வரைபடத்தில் நங்கூரத் தடை குறித்த பகுதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வரைபடம் மட்டும் போதாது. ஆற்று வாயில் சேற்றுத்திட்டுகள் இடம் மாறும். உள்ளூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அமாவாசையும் பௌர்ணமியும்

கெடா கரையில் நாளுக்கு இரண்டு முறை கடல் பெருகி இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் கூடும், நீரோட்டமும் வேகமெடுக்கும். தைப்பூசம், சித்ரா பௌர்ணமி நாட்களில் குடும்பத்தோடு படகேறுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு பெருக்கின் ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணி நேரமே வேகம் மிகுந்தது.

நங்கூரம் பிடித்ததா?

படகின் முன்முனையை நீரோட்டத்தை எதிர்த்து நிறுத்தி, நங்கூரத்தை மெல்ல இறக்க வேண்டும். வீசி எறியக் கூடாது. படகு பின்வாங்க வாங்கச் சங்கிலியை விட்டு, கடைசியில் இயந்திரத்தைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். சங்கிலியில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறதா? அப்படியானால் நங்கூரம் இழுபடுகிறது. எடுத்து மறுபடியும் போட வேண்டும்.

பிறகு கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஒரு விளக்குக் கம்பம், அதற்கு நேர் பின்னால் ஒரு கூரை. பக்கவாட்டிலும் அப்படி ஒரு சோடி வேண்டும். இரண்டு சோடியும் விலகிக்கொண்டே போனால் படகு நகர்கிறது. 1,217 மீட்டர் உயர குனோங் ஜெராய் இதற்கு உதவாது. சோழர் கடாரம் என்று சொன்ன நாட்களிலிருந்து கப்பலோட்டிகளுக்கு இந்தக் கரையை அது காட்டியிருக்கிறது. ஆனால் படகு 20 மீட்டர் நகர்ந்ததை அவ்வளவு தொலைவில் உள்ள மலை காட்டாது.

சிறு படகுக்காரர்கள் கவனிக்க

நங்கூரக் கயிற்றை ஒருபோதும் படகின் பின்முனையில் கட்டாதீர்கள். இயந்திரத்தின் பாரம், ஆட்களின் பாரம், நீரோட்டத்தின் வேகம், பெர்ரி எழுப்பும் அலை எல்லாம் சேர்ந்தால் பின்புறம் தாழ்ந்து, சில விநாடிகளில் நீர் உள்ளே புகுந்துவிடும். கயிறு முன்முனையில்தான் இருக்க வேண்டும். நங்கூரம் சிக்கிக்கொண்டால் வெட்டிவிடக் கைக்கெட்டும் தூரத்தில் கத்தி இருக்கட்டும். இறங்கும் கயிற்றின் வளையத்துக்குள் காலை வைக்காதீர்கள். உயிர்காப்புச் சட்டை பெட்டியில் அன்று, உடம்பில் இருக்க வேண்டும்.

இரவும் சுமத்ரா காற்றும்

50 மீட்டருக்குக் குறைந்த படகு, நங்கூரமிட்டிருக்கையில் பகலில் முன்புறம் ஒரு கறுப்புப் பந்தையும், இரவில் எல்லாத் திசைக்கும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கையும் காட்ட வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்குச் சலுகை உண்டு. ஆனால் மற்றப் படகுகள் ஓடும் தடத்துக்கு அருகில் அது செல்லாது. கரை விளக்குகளின் பின்னணியில் மங்கிய விளக்கு பெர்ரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் விடியலுக்கு முன், சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் வரும். நங்கூரம் பெயர்வது இப்படிப்பட்ட வேளையில்தான். மேற்கு வானம் கறுத்ததும் இயந்திரத்தைத் தயாராக்கி, இடமிருந்தால் சங்கிலியைக் கூடுதலாக விட்டு, ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

படகு இழுபட்டுத் தடத்துக்குள் போனால், முதலில் இயந்திரத்தை இயக்கி, அதன் பிறகு நங்கூரத்தைத் தூக்குங்கள். நேரமில்லையென்றால் கயிற்றின் நுனியில் ஒரு மிதவையைக் கட்டி நங்கூரத்தை விட்டுவிடுங்கள். பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். நெருங்கி வரும் பெர்ரிக்குக் குறுகிய ஒலியை விரைவாக ஐந்து முறை எழுப்பி எச்சரிக்கலாம். கடல் வானொலியில் 16ஆவது அலைவரிசை அவசரத்துக்கு உரியது. கைப்பேசியில் 999.

புறப்படும் முன் எழுதி வைக்க வேண்டியவை நான்கு: அன்றைய பெருக்கு நேரம், வற்று நேரம், பெர்ரிப் பயண நேரம், திரும்பி வரும் நேரம். கடைசி நேரத்தைக் கரையில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் படகேறுங்கள்.