சாட்சி மரம் யாருக்குச் சாட்சி?

அமெரிக்க நில அளவைக்காரர்களிடம் 'சாட்சி மரம்' என்றொரு சொல் உண்டு. சர்வே பண்ணும்போது எல்லை மூலைக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தில் கொத்தி அடையாளம் போட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். நாளைக்குத் தகராறு வந்தால் நிலம் இன்னாருடையது என்று மரம் சாட்சி சொல்லும். ஆக, முதலில் அது உடைமைக்காரனின் சாட்சி. வரலாற்றைப் பார்த்து நின்ற மரங்களையும் அப்படிச் சொல்வது பின்னால் வந்த வழக்கம்.

2009இல் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியும் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்து இந்தப் பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கின. வரலாற்றிடங்களில் விழுந்த பழைய மரம் மாணவர்களிடம் வரும். ஒரு வகுப்பில் அந்த இடத்து வரலாறு. இன்னொரு வகுப்பில் அதே மரத்தை அறுத்து, இழைத்து, ஆளுக்கொரு படைப்பு. முதலில் வந்தது மேரிலாந்து மாநிலம் ஹாம்ப்டன் மாளிகையின் பீக்கன் மரம்.

அந்த மாளிகை சும்மா எழும்பிவிடவில்லை. ரிட்ஜ்லி குடும்பம் 1783 முதல் 1790 வரை கட்டியது. இரும்பு உலையிலும் வயலிலும் அடுக்களையிலும் வெந்தவர்கள் கறுப்பின அடிமைகள்; ஒரு கட்டத்தில் 300 பேருக்கு மேல். மேரிலாந்தின் ஆளுநராக இருந்த சார்லஸ் ரிட்ஜ்லி 1829இல் செத்தபோது உயிலில் பலருக்கு விடுதலை எழுதினார். அதிலும் வயசுக் கணக்கு. 45ஐத் தாண்டிய பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உடனே விடுதலை இல்லை. ஆத்தா வெளியே, புள்ள உள்ளே. மகன் ஜான் புதிதாக ஆட்களை விலைக்கு வாங்கிக்கொண்டார். மேரிலாந்தில் அடிமைமுறை ஒழிந்தது 1864 நவம்பர் 1இல்.

1948இல் ஹாம்ப்டன் தேசிய வரலாற்றிடம் ஆனது. எதுக்காக? கட்டடக்கலை அழகுக்காக. கல் சுமந்த தோள் அந்த அழகில் சேரவில்லை. அடிமைகளின் வழித்தோன்றல்களைத் தேடிப் பூங்காத் துறை ஆய்வு செய்ததெல்லாம் ரொம்பப் பிந்தித்தான்.

பீக்கன் மரத்துக்கும் ஒரு கதை இருக்கு. நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டி வளர்க்கப் பலர் முயன்று தோற்றார்கள். லூசியானாவின் ஓக் ஆலி தோட்டத்தில் 1840களில் அதைச் சாதித்தவர் அந்துவான் என்கிற அடிமைத் தோட்டக்காரர். அந்த ரகம் 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு வாங்கி, 'சென்டெனியல்' என்று பெயர் பெற்றது. செஞ்சவருக்கு என்ன கிடைச்சுது? நமக்கு வந்து சேர்ந்தது அவருடைய ஒற்றைப் பெயர்தான்.

அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த உறவோடுதான் இந்த மரத்தைப் பார்க்கிறோம். பண்ணையார் வீட்டுத் தேக்குத் தூணையும் தேரின் சிற்பத்தையும் கலை என்று காட்டுகிற ஊரில், புளியமரத்தில் கட்டிவைத்து அடித்த கதை சேரிக்குச் சேரி கிடக்கு. தூணைத் தொட்டுப் பார்க்கிற மாணவர் ஒருவராவது, இதைக் காட்டிலிருந்து இழுத்து வந்தது யார் என்று கேட்கட்டும். கேட்டதை எழுதிவைக்கட்டும்.